போத்தலுக்குள் ஒரு தத்துவெட்டியான்

2020 ஆம் ஆண்டு ஆனி மாதம். கொரோனா ஊரடங்கு தளர்ந்து, எங்கள் மாதர் சங்கக் கூட்டங்கள் மெல்லமெல்லத் தொடங்கியிருந்த நேரம். வலிகாமம் வடக்கில் மீளக்குடியமர்ந்த ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இடைவெளி விட்டு அமர்ந்திருந்தோம். சேமிப்புக் கணக்குக் கொப்பியைத் திறப்பதற்கு முன்னரே ஓர் அக்கா எழுந்து வந்து, மேசையில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலை வைத்தார். மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். உள்ளே ஒரு கத்தரி இலையும், அதில் தொற்றியபடி இரண்டு பச்சைப் பூச்சிகளும்.

"தங்கச்சி, இது அந்தப் பாலைவனத்து வெட்டுக்கிளியோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. என்ர கத்தரி இலையெல்லாம் ஓட்டை. ராத்திரி முழுக்க நித்திரை இல்லை."

அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. அந்த மாதங்களில் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஒரே படம்தான். வானத்தை மறைத்துக்கொண்டு பறக்கும் வெட்டுக்கிளிக் கூட்டம். கென்யாவில் 70 ஆண்டுகளில் காணாத அழிவு என்றார்கள். வைகாசி மாதத்தில் அவை இராஜஸ்தானின் ஜெய்ப்பூர் நகரத்துக்குள்ளேயே வந்திறங்கின. அடுத்தது யாழ்ப்பாணம்தான் என்று யாரோ குரல் பதிவு ஒன்றையும் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

இந்த அக்கா 2009 க்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் தனியே வளர்ப்பவர். 1990 இல் விட்டோடிய காணி பல ஆண்டுகள் கழித்துத்தான் கையில் கிடைத்தது. பற்றை வெட்டி, கிணறு இறைத்து, நுண்கடன் எடுத்து வைத்த முதல் கத்தரித் தோட்டம் அது. கூட்டத்துக்கு வருவதற்கு முதல் நாள் மருந்துக் கடை ஒன்றுக்கும் போயிருக்கிறார். பூச்சியைப் பார்க்காமலே இரண்டு போத்தல் மருந்தை எடுத்து வைத்தார்களாம். அதை வாங்குவதென்றால் காதில் கிடந்ததை அடகு வைக்க வேண்டும். வைப்பதா, விடுவதா என்று கேட்கத்தான் போத்தலோடு வந்திருந்தார்.

நான் படித்தது சமூகவியல். பூச்சிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது, சின்ன வயதில் தத்துவெட்டியானைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்தது மட்டும்தான். படம் எடுத்து, எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினோம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "இது பாலைவன வெட்டுக்கிளி இல்லை. எங்கட தோட்டத்துச் சாதாரண வெட்டுக்கிளி. தலையைப் பாருங்கோ, தெரியும்."

அந்தத் தலையைப் பார்க்கத் தொடங்கியதுதான். பிறகு நான் தேடிப் படித்ததையும், அந்தத் தோட்டத்தில் நாங்கள் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பூச்சியின் தலை கூம்பி, முன்னோக்கிச் சரிந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் சீவிய பென்சில் முனை போல. உடல் முழுக்க இலைப் பச்சை. சிலது காய்ந்த இலைபோலக் கபில நிறத்திலும் இருக்கும், அதுவும் இதே இனம்தான். கண்ணுக்குப் பின்னாலிருந்து கழுத்தின் கீழ்ப்பக்கமாக வெளிறிய சிறு மணிகள் கோத்ததுபோல ஒரு வரிசை. பார்வை மங்கியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லலாம். இந்த மணி வரிசையைக் கண்டால் வேறு சந்தேகம் தேவையில்லை. உணர்கொம்பு குட்டையாக இருக்கும். உடம்பைவிட நீளமான மயிர் போன்ற உணர்கொம்பு இருந்தால் அது வெட்டுக்கிளியே அல்ல, இலைநிறத்தில் இருக்கும் இராப்பூச்சி வகை.

1793 இல் டென்மார்க் நாட்டு அறிஞர் பப்ரீசியஸ் பெயர் கொடுத்த பூச்சி இது. விஞ்ஞானப் பெயர் அட்ரக்டோமோர்பா கிரெனுலாட்டா. ஆங்கிலத்தில் இதைப் புகையிலை வெட்டுக்கிளி என்றே சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சி வேறு எது? புகையிலை நட்ட அப்பாமாருக்கும் அப்புமாருக்கும் இது பழைய ஆள். முன்பு போலப் புகையிலை இல்லை என்றாலும் கத்தரி, முளைக்கீரை, வற்றாளை, பயிற்றை என்று அகன்ற இலை எதுவும் இதற்குச் சாப்பாடுதான்.

போத்தலுக்குள் இருந்த இரண்டில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. சிறியது பெரியதன் முதுகில் ஏறி இருந்தது. கூட்டத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், "பாவம், தாய் பிள்ளையைக் காவிக்கொண்டு திரியுது" என்றார். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அவை இரண்டும் வளர்ந்த பூச்சிகள். கீழே இருப்பது பெண், ஏறக்குறைய ஒன்றரை அங்குலம். மேலே இருப்பது ஆண், ஒரு அங்குலம் அளவுதான். வேறு ஆண் நெருங்காதபடி நீண்ட நேரம் அப்படியே ஏறி இருக்கும். அவளும் அவனைச் சுமந்தபடியே நடப்பாள், சாப்பிடுவாள். இதைச் சொன்னதும், "அப்ப அங்கையும் பொம்பிளைதான் சுமக்கிறாளோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொரோனாவுக்குப் பிறகு அந்த மண்டபத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

இறகு இல்லாத சிறு பச்சைப் பூச்சிகளையும் தோட்டத்தில் காண்பீர்கள். அவைதான் குஞ்சுகள். வண்ணத்துப்பூச்சியைப் போல இதற்குப் புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வரும்போதே வெட்டுக்கிளி வடிவம்தான். ஐந்து முதல் ஏழு தடவை தோல் கழற்றி வளரும். கடைசித் தோல் கழற்றிய பிறகுதான் முழு இறகு வரும். பறக்கத் தெரியாத இந்தக் காலத்தில் பிடிப்பது சுலபம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பச்சை வெட்டுக்கிளியும் இதுவல்ல. தென்மராட்சிப் பக்கம் வயல் செய்பவர்கள் காண்பது வேறு. அதன் தலை கூம்பாக இராது, சற்று மழுங்கலாக இருக்கும். கண்ணுக்குப் பின்னாலிருந்து இறகு வரை இரு பக்கமும் கடும் கபில நிறத்தில் ஒரு கோடு ஓடும். ஒக்சியா என்பது அதன் பெயர். அதற்கு வேண்டியது நெல்லும் புல்லும்தான். கத்தரித் தோட்ட வரம்பின் புல்லில் இந்தக் கோட்டுக்காரனைக் கண்டு நீங்கள் மருந்து வாங்க ஓடினால், காசுதான் கரையும். ஈர்க்குப் போல மெலிந்து, முகம் நீண்டு, புல்லோடு புல்லாகத் தெரியாமல் இருக்கும் இன்னொன்றும் உண்டு. அதுவும் புல் தின்னிதான்.

பெரிய, கபில நிற, புள்ளி போட்ட இறகுள்ள ஒன்று காலடியில் இருந்து சடாரென்று எழும்பிப் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். பலரும் அதைத்தான் பாலைவன வெட்டுக்கிளி என்று எண்ணிப் பதறுகிறார்கள். முதுகின் நடுவே தலையிலிருந்து ஓடும் வெளிறிய பட்டையால் அதை அடையாளம் காணலாம். அதுவும் இந்த நாட்டுப் பூச்சிதான். தனியே திரியும், படையெடுத்து வராது.

அதே 2020 இல் குருநாகல் மாவட்டம் மாவத்தகமவில் உண்மையாகவே வெட்டுக்கிளிகள் பெருகி, வாழை, தென்னை, சோளம் எல்லாவற்றையும் தின்றன. செய்தியைக் கேட்டு நாடே கலங்கியது. விவசாயத் திணைக்களத்தார் பார்த்துவிட்டு, அது பாலைவன இனம் அல்ல, மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி என்று சொன்னார்கள். கடும் நிற உடலில் மஞ்சள் பொட்டுகள் வைத்த, பிடித்தால் நுரை கக்கும் பெரிய பூச்சி அது. தூரத்தில் இருந்து படத்தைப் பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். கையில் எடுத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

பாலைவன வெட்டுக்கிளியின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதுவும் சாதாரண நாளில் தனியே, ஒதுங்கி வாழும் பூச்சிதான். மழை பெய்து பச்சை தழைத்து, பிறகு அது காய்ந்து ஒடுங்கும்போது, மிச்சமிருக்கும் கொஞ்சப் பச்சையில் எல்லாம் நெருங்கி நிற்க வேண்டி வரும். பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசும். உடம்புக்குள் செரட்டோனின் என்ற பொருள் கூடும். உடனே குணமும் பின்னர் நிறமும் மாறி, கூட்டமாகக் கிளம்பும். தனியே இருப்பதும் கூட்டமாக வருவதும் ஒரே இனம்தான் என்று 1921 இல் உவரோவ் என்ற அறிஞர் கண்டு சொல்லும்வரை அவற்றை இரண்டு வேறு பூச்சிகள் என்றே நினைத்திருந்தார்கள். எங்கள் கூம்புத் தலையனுக்கு இந்தப் படைகட்டும் குணம் கிடையாது. நெருக்கமாக இருந்தாலும் அது ஒரு தோட்டத்துப் பூச்சியாகவே இருக்கும்.

அடுத்த நாள் காலையில் நான்கு பேராக அந்த அக்காவின் தோட்டத்துக்குப் போனோம். செம்பாட்டு மண். சுற்றிவர எல்லாம் காய்ந்து கிடந்தது. ஆனியில் எங்கள் பக்கம் மழை ஏது? கிணற்றடியிலிருந்து ஓடும் வாய்க்கால் கரையிலும் கத்தரிப் பாத்தியிலும் மட்டும்தான் பச்சை. கிழக்குப் பக்கத்துக் காணி யாரோ வெளிநாட்டில் இருப்பவருடையது. 30 ஆண்டுகளாக மண்வெட்டி படாத நிலம். மாரியில் ஆள் மட்டத்துக்கு எழும்பிய நாயுருவியும் குப்பைமேனியும் இப்போது காய்ந்து நின்றன.

பாத்திக்குள் மெதுவாக நடந்து எண்ணினோம். ஏழெட்டுத்தான் கண்டோம். வாய்க்கால் கரைக்குப் போனபோது எண்ணி முடியவில்லை. கால் வைக்க வைக்கத் தெறித்தன. கரையின் ஒரு பாதி களை நிறைந்திருந்தது, மறுபாதி வெளிச்சிருந்தது.

"இதை எப்ப துப்புரவாக்கினீங்கள் அக்கா?"

"போன கிழமைதான். இந்தப் பக்கம் செருக்கி முடிக்க இடுப்பு விட்டிட்டுது. மிச்சத்தை விட்டிட்டன்."

"இலையில ஓட்டை எப்ப கண்டனீங்கள்?"

அவர் யோசித்துவிட்டு, "அதுக்குப் பிறகுதான்" என்றார்.

அவருடைய நித்திரையைக் கெடுத்த விசயம் இதுதான். இந்தப் பூச்சியின் வீடு கத்தரி அல்ல. உழாத வரம்பு, கொத்தாத வாய்க்கால் கரை, களை மண்டிய வேலியோரம் இவைதான் அதன் வீடு. பெண் பூச்சி தன் வயிற்றின் நுனியை மண்ணுக்குள் செருகி, பல முட்டைகளை ஒன்றாக, நுரை போன்ற பசையில் பொதிந்து வைத்துவிட்டுப் போகும். கொத்திப் புரட்டும் மண்ணில் அந்த முட்டைகள் தப்பாது. வெயிலில் காயும், மைனா பொறுக்கும். யாரும் கை வைக்காத மண்ணில்தான் பொரிக்கும். பொரித்த குஞ்சுக்குப் பக்கத்திலேயே இளம் களை இருந்தால் அது அங்கேயே வளர்ந்துவிடும். கோடையில் பக்கத்துக் காணி காய்ந்ததும், அங்கிருந்தவை தண்ணீர் ஓடும் பக்கமாக நகர்ந்து வாய்க்கால் கரைக்கு வந்திருக்கின்றன. அந்தக் கரையின் ஒரு பாதியைச் செருக்கியதும், அங்கே இருந்தவை அடுத்த பச்சைக்கு, அதாவது கத்தரிக்கு ஏறிவிட்டன. களையை வெட்டியது பிழையல்ல. கன்று நட்ட பிறகு வெட்டியதுதான் பிழை. நடுவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்னரே ஓரங்களைச் செருக்கி, வரம்பையும் கொத்திவிட்டால், நடும் நேரத்தில் அவை வேறு இடம் தேடிப் போயிருக்கும். நட்ட பிறகு நினைவு வந்தால், கன்று முற்றும் வரை ஓரக் களையைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

இன்னொன்றும் கண்டோம். இலையில் இருந்த ஓட்டைகளில் பாதி தத்துவெட்டியானுடையதே அல்ல. வெட்டுக்கிளி தின்றால் இலையின் ஓரமும் நடுவும் ஒழுங்கில்லாமல் வெட்டுப்பட்டு, ஓட்டை முழுதாக இருக்கும். பல இலைகளில் பச்சை மட்டும் சுரண்டப்பட்டு நரம்பு வலைபோல நின்றது. திருப்பிப் பார்த்தால் கபில நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட சிறு வண்டும், அதன் முள்ளு முள்ளான மஞ்சள் குஞ்சுகளும். அது கத்தரிப் புள்ளி வண்டு. அடி இலைகள் சிலவற்றில் காய்ந்த பசைத் தடம். அது நத்தை, இரவில் வந்து தின்றுவிட்டுப் போவது. ஆக மூன்று பேர் செய்த களவை ஒருவன் தலையில் போட்டுத்தான் கடைக்குப் போயிருக்கிறோம். கடையில் தந்த மருந்து நத்தைக்கு ஒன்றும் செய்திருக்காது.

கையால் பிடிப்பதைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் விடியற்காலையில், பனி உலராத நேரத்தில் வெட்டுக்கிளி விறைத்துப்போய் இருக்கும். சூடு ஏறினால்தான் அதற்குப் பாய வலு வரும். அன்று காலை ஆறரை மணிக்கு முன் நாங்கள் நான்கு பேரும் பிடித்தது ஒரு பால்மாப் பேணி நிறைய. பிடிக்கும்போது வாயால் வெற்றிலை எச்சில் போன்ற கபிலச் சாறு கக்கும். நஞ்சில்லை, கையைக் கழுவினால் போதும். அத்தனையும் கோழிக்குப் போட்டோம். அந்த வீட்டில் நான்கு கோழிகளும் ஒரு சேவலும் கட்டிக் கிடந்தன. கத்தரிக் கன்று கொஞ்சம் வளர்ந்த பிறகு காலையில் ஒரு மணித்தியாலம் வாய்க்கால் கரையில் கோழியை விட்டுப் பாருங்கள். நாற்றுமேடைக்கு மட்டும் கோழியை விட வேண்டாம், கிளறிவிடும். அதற்குப் பழைய நுளம்பு வலையை வளைதடியில் கட்டி மூடினால் ஒரு பூச்சியும் அண்டாது.

வேம்பு எங்கள் முற்றத்திலேயே நிற்கிறது. 1959 இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று எல்லா மரத்தையும் மொட்டையாக்கிவிட்டு வேம்பை மட்டும் விட்டுப் போனதை ஸ்முட்டரர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டார். அதன் பிறகுதான் உலகம் வேப்பங்கொட்டையைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஆச்சிமார் நெல்லுக்கும் பயறுக்கும் இடையில் வேப்பிலை வைத்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை, அது வேறு கதை. விழுகிற வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதை கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். உடைத்தெடுத்த பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் கட்டி, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரக் கரைசல் சேர்த்தால் தெளிக்கத் தயார். தெளிப்பதைப் பின்னேரத்தில் செய்யுங்கள், வெயில் பட்டால் வீரியம் போய்விடும். இது பூச்சியை உடனே கொல்லாது, சாப்பாட்டை வெறுக்கச் செய்யும். குஞ்சுகள் சரியாகத் தோல் கழற்றவும் விடாது. அதனால் மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு, "இது சரிவராது" என்று கையை உதறிவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு தடவை, மூன்று கிழமை செய்து பாருங்கள்.

மருந்தே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பெருகிக் கைமீறினால், போதனாசிரியர் பூச்சியைப் பார்த்து எழுதித் தருவதை, சொன்ன அளவில், சொன்ன இடைவெளி விட்டுக் காய் பறிக்கும்படி பாவிக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது மழையோடு கீழே இறங்கி, குடிக்கிற கிணற்றுக்கே வரும். இன்னொரு காரணமும் உண்டு. எங்களில் பலர் மனம் உடைந்த இரவுகளைக் கண்டவர்கள். இந்த நாட்டில் 1995 இலும் 1998 இலும் கடும் நஞ்சுகள் சிலவற்றைத் தடைசெய்த பிறகு, 2005 ஆகும்போது தற்கொலை வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததே பல உயிர்களைக் காத்திருக்கிறது. ஆகவே தேவையில்லாத போத்தலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் பூட்டி வைத்துத் திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். மனம் சரியில்லாத நேரம் எங்களில் ஒருவரை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், வெட்கப்பட வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தத்துவெட்டியானைத் துரத்தும் பிள்ளைக்கு எல்லை தெரியாது. முகமாலைப் பக்கமாகட்டும், புதிதாக விடுவிக்கப்பட்ட எந்தக் காணியாகட்டும், மிதிவெடிப் பலகை நிற்கும் இடத்துக்கு அப்பால் பூச்சிக்கும் போகக்கூடாது, வேப்பங்கொட்டைக்கும் போகக்கூடாது என்று சொல்லி வையுங்கள். வரம்பு கொத்தும்போது மண்ணில் இரும்பு போல ஏதும் தட்டுப்பட்டால் நிறுத்திவிட்டுக் கிராம சேவையாளருக்கு அறிவியுங்கள்.

மிச்சமிருந்தது கிழக்குப் பக்கத்துக் காணி. முட்டை முழுக்க அங்கேதான். மாரி வந்தால் மறுபடி தழைக்கும், மறுபடி பொரிக்கும். இன்னொருவர் காணிக்குள் கேட்காமல் மண்வெட்டியோடு இறங்க முடியுமா? இறங்கினால் நாளைக்கு வேறு கதை வரும். உறவுக்காரர் ஒருவர் மூலம் இலக்கம் எடுத்து, சங்கத்தின் சார்பில் நான்தான் கனடாவுக்கு அழைத்தேன். காணியைப் பிடிக்கப் போகிறார்கள் என்றே அந்த ஐயா முதலில் நினைத்தார். பூச்சிக் கதையைச் சொன்னதும் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எங்கட கிணத்தடியிலையும் அந்தப் பச்சைத் தத்துவெட்டியான் நிக்கும். புகையிலைக் கண்டிலையிருந்து பிடிச்சு அம்மாட்டைக் குடுக்கிறனாங்கள்" என்றார்.

வேலியோரமாக ஆறடி அகலத்துக்குச் செருக்கிக் கொத்த அனுமதி தந்தார். வடலி ஒன்றையும் வெட்டக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. புரட்டாதியில், மழைக்கு முன்னர், எட்டுப் பெண்கள் இரண்டு காலைப் பொழுதில் அதைச் செய்து முடித்தார்கள். அக்காவின் தோடு காதில்தான் கிடந்தது. போத்தலை மட்டும் அவர் அந்தக் கூட்டத்தன்றே திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார், மிளகாய்த்தூள் போட வேறு போத்தல் இல்லையாம்.